உடைக்காத தேங்காய், உரிக்காத பழம், துலக்காத வாள்

தேவதானப்பட்டி, ஜெயமங்கலம், கெங்குவார்பட்டி, சில்வார்பட்டி, குள்ளப்புரம் ஊர்களில் சாமி வீட்டிலும் குலதெய்வக் கோயிலிலும் பழைய வாளும் கட்டாரியும் வைத்துக் கும்பிடும் பங்காளிகளுக்கும், பூசாரி ஐயாமார்களுக்கும், புரட்டாசியில் அவற்றைத் துலக்க எடுக்கும் தம்பிமார்களுக்கும்,



ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் உங்கள் கைக்கு உப்புத்தாள் வந்துவிடும். கம்பி பிரஷ் வரும். சில வீடுகளுக்கு வெல்டிங் பட்டறையிலிருந்து கிரைண்டரும் வரும். அவை வருவதற்கு முன் இந்த மடல் வந்து சேர வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. பழைய வாளைத் தேய்க்காதீர்கள்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். பெரியகுளம் சாலையோரம் இருந்த கொல்லுப்பட்டறையின் பேரன். உங்கள் தாத்தாமார் கொழு அடிக்கவும், கதிரரிவாளுக்குப் பல் வெட்டவும் எங்கள் தாத்தாவிடம்தான் வருவார்கள். நான் சம்மட்டியை விட்டுவிட்டு வேதியியல் வாத்தியாராகப் போனேன். ஓய்வு பெற்ற பிறகுதான் தாத்தாவின் தொழிலைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அவர் இருந்தபோதே கேட்டிருக்க வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன.

போன வருஷம் நம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஊரையும் வீட்டையும் சொல்ல மாட்டேன். "மாமா, எங்க சாமி வாளைப் பாருங்க" என்று அந்த வீட்டுத் தம்பி ஆசையாக எடுத்து வந்து காட்டினான். பிடிக்கு வெள்ளிப் பெயின்ட். நுனியில் குத்திய எலுமிச்சம்பழம். அலகு முழுக்க கிரைண்டர் ஓட்டிய பளபளப்பு. பிடியை ஒட்டி, கிரைண்டர் தட்டு நுழைய முடியாத இடுக்கில், பெருவிரல் அகலத்துக்கு மட்டும் பழைய முகம் மிச்சமிருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். மஞ்சளாற்றில் தண்ணீர் வடியும்போது மணலில் வரி விழுமே, அதுபோலச் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள் ஓடின. உருக்கு வாள். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு என்னால் வாய் திறக்க முடியவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்தக் கோடுகளை யாரும் மேலே தீட்டவில்லை. இரும்பு எஃகான விதமே அங்கே தெரிகிறது. உமி பிசைந்த களிமண்ணில் கைக்கடக்கமான மூசை செய்வார்கள். அதற்குள் தேனிரும்புத் துண்டுகளை நெருக்கி அடுக்கி, காய்ந்த ஆவாரங்குச்சியைச் சிறு சிறு துண்டாக நறுக்கிப் போட்டு, மேலே ஓரிரண்டு எருக்கிலை வைத்து, வாயை மண்ணால் பூசி அடைப்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, தோல் துருத்தியால் இரண்டரை மணி நேரம் விடாமல் ஊதுவார்கள். 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா ஹீத் எழுதிவைத்த முறை இது. ஆவாரையிலும் எருக்கிலும் உள்ள கரி உருகும் இரும்பில் சேர்கிறது. ஆறிய மூசையை உடைத்தால் கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் ஒரு வில்லை கிடைக்கும். அதில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை கரி இருக்கும். நாம் இன்று அரிவாள் அடிக்கும் லாரிப் பட்டையில் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு. காட்ரோடு போகும் வழியெல்லாம் பூத்துக் கிடக்கிறதே, அந்த ஆவாரையேதான். தமிழில் இதற்கு உருக்கு என்று பெயர். நம் பள்ளத்தாக்கில் தெலுங்கு பேசும் வீட்டிலும் கன்னடம் பேசும் வீட்டிலும் உக்கு என்பார்கள். 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் படித்த கட்டுரையில் அது 'வூட்ஸ்' ஆகிவிட்டது. அந்தப் பெயரில்தான் உலகம் இன்றும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறது.

தேடியவர்களில் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர். மின்சாரத்துக்காகப் பெயர் வாங்குவதற்கு முன், 1819 வாக்கில், நம் எஃகைத்தான் அவர் உருக்கியும் கரைத்தும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கொல்லர் மகன். இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

அந்த வில்லையை வாளாக அடிப்பதில்தான் தோற்றவர்கள் அதிகம். கரி மிகுந்த எஃகு. வெள்ளை வெளேரென்று காய்ச்சி அடித்தால் பிஸ்கட் போல உதிர்ந்துவிடும். மங்கிய சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் இடையில் பிடித்து, ஆற விட்டு, மறுபடி காய்ச்சி, மறுபடி அடித்து, பல முறை இதையே செய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போது கரி மிகுந்த கடினத் துகள்கள் வரிசை வரிசையாக ஒதுங்குகின்றன. நாம் பார்க்கும் நீர்வரிகள் அவைதான். அமெரிக்காவில் ஜான் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் ஆல்ஃபிரெட் பென்ட்ரே என்ற கொல்லரும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1990களில்தான் இதை மறுபடி செய்துகாட்டினார்கள். தாதுவிலேயே கலந்து வரும் மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற உலோகங்கள் இல்லாவிட்டால் வரி விழாது என்று அவர்கள் கண்டார்கள். பேராசிரியருக்கு நுண்ணோக்கி இருந்தது. நம்மவருக்குக் காய்ந்த இரும்பின் நிறம் மட்டும் இருந்தது. என் தாத்தா உலை முகப்பில் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கி வைத்திருப்பார். நிறம் பார்க்க இருட்டு வேண்டும் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது கிரைண்டருக்கு வருகிறேன். அது மேல்தோலை உரித்துவிடுகிறது, வரி மறைகிறது. உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும். கைதேர்ந்தவர்கள் பக்குவமாக அமிலம் தடவி வெளியே கொண்டுவரலாம். ஆனால் தட்டு உரசும் வேகத்தில் வாய் ஓரம் நீலம் பாரித்ததென்றால் அந்த இடத்துத் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கெட்டி, போய்விட்டது, திரும்ப வராது. வளைந்ததை நிமிர்த்துகிறேன் என்று உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சினால் தோய்ச்சலோடு வரியும் அழியலாம். இந்த எஃகில் அழகும் வேலையும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன.

பிடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கென்னவோ அலகைவிடப் பிடிதான் அதிகம் பேசுவதாகத் தோன்றும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த கட்டாரிகளும் அங்குசங்களும் இருக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். கோயில் தூணில் கல்தச்சன் ஆள் உயரத்துக்குச் செதுக்கும் யாளியைக் கொல்லன் உள்ளங்கையகல எஃகில் குடைந்திருக்கிறான்; ஊடே வெளிச்சம் வருகிறது. அங்குசம் யானையின் தோலைக் குத்தும் கருவி. அதற்கு அத்தனை வேலை! சில கட்டாரிகளில் பிடி நம்முடையது, அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. கப்பலில் வந்த அலகை வெட்டி ஆணியடித்துப் பொருத்தியிருப்பார்கள். ஃபிரங்கி என்ற வாளுக்குப் பெயரே அப்படி வந்ததுதான். ஆகவே உங்கள் வீட்டு வாளில் அலகுக்கு ஒரு வயதும் பிடிக்கு வேறொரு வயதும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பெயின்ட் அடித்துவிட்டால் அதைச் சொல்ல யாராலும் முடியாது.

கம்பி பிரஷ் செய்யும் கேடு இங்கேதான் அதிகம். சில பிடிகளில் பொன் கோடோ வெள்ளிப் பூவோ இருக்கும். இரும்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல் போட்டு, மயிரிழை போன்ற பொன் கம்பியை வைத்துத் தட்டி ஒட்டிய வேலை அது. தங்கம் காகிதத்தைவிட மெல்லியது. கம்பி பிரஷை நாலு இழுப்பு இழுத்தால் போயிற்று. துருவுக்கு அடியில் அது இருக்கிறதா என்று துருவைச் சுரண்டிப் பார்க்கிற வேலையும் வேண்டாம். இன்னொன்றும் உண்டு. நம் நாட்டு வாள்களில் அலகின் வால் பிடிக்குள் பெரும்பாலும் அரக்கு ஊற்றித்தான் இறுக்கப்பட்டிருக்கும். சாமிக்குக் காட்டுகிறோம் என்று சூடம் ஏற்றி அலகின் மேலேயே வைத்தாலோ, வெயிலில் காய்ந்த தகரத்தின் மேல் போட்டு வைத்தாலோ அரக்கு இளகும், பிடி ஆடும். ஆடுகிறதே என்று வெல்டு வைத்த வாள் ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வாள்கள் எப்படி உங்கள் வீட்டில் பிழைத்தன என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? திண்டுக்கல் சீமை 1792இல் திப்புவிடமிருந்து கும்பினி கைக்குப் போனது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அந்த டிசம்பரிலேயே தெற்குச் சீமைப் பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று விளம்பரம் வந்தது. பிறகு 1878இல் ஆயுதச் சட்டம். கொடுத்தவை போக மிஞ்சியவை சாமியிடம் போயின என்பது என் எண்ணம். சாமி கையில் இருப்பதைக் கேட்க அதிகாரிக்கும் கை வரவில்லை. தஞ்சையில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கடைசி மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் வாரிசில்லாமல் இறந்த பிறகு, அரண்மனை ஆயுதச்சாலையில் குவிந்து கிடந்தவற்றில் பொறுக்கியெடுத்த சிலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். மீதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். எம். ஜே. வால்ஹவுஸ் என்ற அதிகாரி இதைப் பற்றி 1878இல் 'இந்தியன் ஆன்டிக்வரி' இதழில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெள்ளைக்காரன் எடைக்குப் போட்டதில் தப்பியதை நாம் அன்போடு தேய்த்து முடித்துக்கொண்டிருக்கிறோம்.

என் மகள் டோக்கியோவில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது சுமிதா பகுதியில் உள்ள வாள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். உள்ளே போனதும் எனக்கு ஒன்று புரியவில்லை. கண்ணாடிப் பேழைக்குள் வாள்களுக்குப் பிடியே இல்லை. அலகு மட்டும் வெள்ளைத் துணிமேல் கிடந்தது. பிடிக்குள் நுழையும் வால்பகுதி கருகருவென்று துருப்பிடித்து அப்படியே தெரிந்தது. மேலே அலகில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும். கீழே வாலில் நம் கிணற்று ராட்டினம் போலத் துரு. மகளிடம் கேட்டேன். அங்கிருந்தவரிடம் கேட்டுச் சொன்னாள். அந்தத் துருவை யாரும் தொடக் கூடாதாம். அதன் நிறத்தையும் அடர்த்தியையும் பார்த்துத்தான் வயது சொல்வார்களாம். கொல்லன் தன் பெயரை வெட்டுவதும் அங்கேதான். வாலில் அவன் அரம் போட்ட சாய்வைப் பார்த்தே எந்தப் பட்டறை என்று சொல்லிவிடுவார்கள். துருவைச் சுரண்டிய வாள் சந்தையிலும் மதிப்பிழந்துவிடுகிறது.

அப்படியானால் மேலே அவர்கள் சாணை பிடிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பிடிக்கிறார்கள். அதற்கென்றே பல வருஷம் பயின்றவர்கள் கல் மாற்றிக் கல் மாற்றி, தண்ணீர் விட்டு, வாரக்கணக்கில் கையால் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எஃகு கொஞ்சம் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் ஒரு வாளின் வாழ்நாளில் அதை அடிக்கடி செய்வதில்லை. அவர்களுடைய அலகில் தெரியும் அலைக்கோடு நம்முடையதுபோல மூசையில் பிறந்ததும் அல்ல. தோய்ச்சலுக்கு முன் களிமண் குழம்பை முதுகில் கனமாகவும் வாயில் மெல்லிசாகவும் பூசிக் காய்ச்சித் தண்ணீரில் இறக்குகிறார்கள். வாய் சட்டென்று குளிர்ந்து கெட்டியாகிறது, முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாக நிற்கிறது, வாளும் வளைகிறது. களிமண்ணை வைத்துத்தான் அவர்களும் வித்தை காட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு நெருக்கம் வந்தது.

பிடிப்பக்கம் அவர்களுக்கு இன்னும் சுவாரசியம். அலகையும் பிடியையும் சேர்த்து நிறுத்துவது ஒரே ஒரு மூங்கில் ஆணி. அதைத் தட்டினால் பிடி, கைக்காப்புத் தகடு, பித்தளைப் பட்டை எல்லாம் தனித்தனியாகக் கழன்று வந்துவிடும். அந்தத் தகட்டை ட்சுபா என்கிறார்கள். நம் அதிரசம் அளவு வட்டத்தில் மழை, நாரை, பாகற்கொடி என்று என்னென்னவோ வெட்டியிருக்கிறார்கள். கோத்தோ என்ற ஒரு குடும்பம் 17 தலைமுறை இந்த வாள் அணிகளையே செய்திருக்கிறது. செம்பில் கொஞ்சம் தங்கம் சேர்த்து, மருந்து நீரில் காய்ச்சி, காக்கைச் சிறகு போன்ற நீலக் கறுப்பு வரவழைக்கிறார்கள். யாராவது புளி போட்டுத் தேய்த்தால் அந்தக் கறுப்பு போய் வெறும் செம்பு நிற்கும்.

அங்கேயும் பறிமுதல் நடந்திருக்கிறது. 1588இல் ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்து வாள்களைப் பிடுங்கினார். 1876இல் வாள் தரித்து வெளியே வருவதற்கே தடை வந்தது. 1945க்குப் பிறகு அமெரிக்கப் படை அள்ளிய வாள்களில் ஏராளமானவை அழிந்தும் கடலுக்கு அப்பால் போயும் தீர்ந்தன. அதற்குப் பிறகுதான், 1948இல், வாளைக் கலைப்பொருளாகக் காப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். நான் பார்த்த அருங்காட்சியகம் அவர்களுடையதுதான். இன்று அங்கே வீட்டில் இருக்கும் பழைய வாளுக்குப் பதிவுச் சான்று தருவது கல்வி வாரியம். வாளைப் பள்ளிக்கூடத்தார் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்றால், வாத்தியாரான எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள்!

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. அவர்கள் கொல்லன் பெயர் வெட்டிவிட்டுப் போனான். ஆண்டு, ஊர் எல்லாம் வெட்டினான். நம் பக்கத்துக் கொல்லன் பெரும்பாலும் ஒன்றும் வெட்டவில்லை. கோயில் கல்வெட்டில் தானம் கொடுத்தவர் பெயர் இருக்கும், ஆட்டுக்கும் விளக்குக்கும் கணக்கு இருக்கும். அந்த விளக்குச் சங்கிலியை அடித்தவன் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கொடுமணலில் 1985இலிருந்து தோண்டி உலையையும் மூசைத் துண்டுகளையும் எடுத்திருக்கிறார்கள். மேல்சிறுவளூரில் சாரதா சீனிவாசன் எஃகு உருக்கிய மூசைக் குவியலையே கண்டுபிடித்தார். அங்கெல்லாம் அவன் கை இருக்கிறது, பெயர் இல்லை. உங்கள் வீட்டு வாளில் அவன் விட்டுப்போன கையெழுத்து அந்த நீர்வரி. பிடிக்கடியில் அரம் ஓடிய தடம். இரும்போடு இரும்பாக இறுகிய அந்தக் கறுத்த துரு. அவ்வளவுதான் அவனிடமிருந்து நமக்கு வந்திருக்கிறது. உப்புத்தாள் அதைத்தான் அழிக்கிறது.

சாமி காரியத்தில் நான் தலையிடுவதாக நினைக்க வேண்டாம். பொட்டு வையுங்கள், மாலை போடுங்கள், படையல் போடுங்கள். பொட்டை உறையிலோ வாள் வைக்கும் பலகையிலோ வைத்துவிடலாமே. குங்குமமும் திருநீறும் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். அந்த இடத்தில் குழி விழும். எலுமிச்சம்பழத்தை நுனியில் குத்தாமல் வாளின் காலடியில் வையுங்கள். அதன் சாறு ஒரு ராத்திரியில் எஃகைத் தின்று தடம் போட்டுவிடும். வேதியியல் வாத்தியார் சொல்கிறேன், நம்புங்கள். தூசியைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுங்கள். பிறகு தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் இரண்டு சொட்டுத் துணியில் விட்டு மெல்லத் தடவுங்கள், போதும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் நாளாக நாளாகப் பிசின்போல் ஆகிவிடும், வேண்டாம். விரலால் அலகைத் தொட்டால் வியர்வை உப்பு ஒட்டும். ரேகையே துருவாக எழும். சிவந்து, மாவுபோல உதிரும் துரு இருந்தால் அது நோய். அதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் நீங்களே கவனிக்க வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் உலோகப் பொருள்களைக் காக்கவென்றே ஒரு வேதியியல் கூடம் 1930இலிருந்து இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதமும் இரண்டு போட்டோவும் அனுப்பலாம். எழுத நான் உதவுகிறேன்.

பழைய சாமான் வாங்க வருகிறவர்களிடமும் கவனம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டியது தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. "இது வெறும் இரும்பு" என்று சொல்லி விலை பேசுகிறவர், அது வெறும் இரும்பாக இருந்தால் நம் ஊர் வரைக்கும் வந்திருக்க மாட்டார்.

மூங்கிலணைக் காமாட்சியை நினைத்துப் பாருங்கள். சிலை இல்லை. பூட்டிய கதவுக்குத்தான் பூஜை. தேங்காயை உடைக்காமல் வைக்கிறோம், பழத்தை உரிக்காமல் வைக்கிறோம். திறந்து பார்க்க வேண்டும் என்று நம் ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. இருந்தபடி இருக்க விடுவதும் கும்பிடுதான் என்று சின்ன வயதிலேயே தெரிந்தவர்கள் நீங்கள். அந்தக் கதவுக்குக் கொடுக்கும் மரியாதையை வாளுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்தப் புரட்டாசியில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணியிலிருந்து நான் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். பூதக்கண்ணாடி இருக்கிறது, நல்ல வெளிச்சம் இருக்கிறது, எண்ணெய்ப் புட்டியும் இருக்கிறது. வாளைக் கொண்டுவர மனமில்லாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், நானே வருகிறேன். ஒவ்வொன்றையும் அளந்து, படம் எடுத்து, எந்த வீடு, எத்தனை தலைமுறை, யார் கொடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி உங்களிடமே கொடுத்துவிடுகிறேன். பெரியவர்களுக்கு நினைவிருக்கும் கதை ஏதாவது இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள்.

போன வருஷம் எனக்குக் காப்பி கொடுத்த தம்பி, நீயும் வா. அந்தப் பெருவிரல் அகலத்தை உனக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
பட்டறை வீட்டுப் பேரன்,
தேவதானப்பட்டி